விதி என்று விட்டுவிடலாமா?

கம்பத்திலிருந்து மேற்கே மலையேறினால் கம்பம்மெட்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வழிகளிலும் பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் நம் பெண்கள், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பக்கம் குடியேறிவிட்ட நம்மில் பலருடைய தாயும் சித்தியும் அப்படி வந்தவர்கள்தாம்.

என் சித்தியும் அப்படித்தான் வந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில், வளைவில் ஜீப் கவிழ்ந்து அவர் தொடை எலும்பு முறிந்தது. ஓட்டியவர் எங்கள் தெருக்காரர், முறையில் எனக்கு மாமா. “போலீசு, கேசு என்று போனால் அவன் பிழைப்பு போய்விடும், நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்” என்றார்கள் பெரியவர்கள். மருத்துவமனையில், வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி எழுத வைத்தோம். அப்படிச் சொன்னவன் நான்தான். குடும்பத்தில் படித்தவன் நான் என்பதால் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. வண்டிக்காரர் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். சித்தி அதன்பின் மலையேறவில்லை. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து இன்றும் நடக்கிறார்.

அன்று எங்களுக்கு ஒன்று தெரியவில்லை. இழப்பீட்டை வண்டிக்காரர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். பயணிகளுக்கும் சேர்த்து முறையாகக் காப்பீடு செய்த வண்டி என்றால் பணம் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம். உறவு கெடும் என்று பயந்து நாங்கள் காப்பாற்றியது மாமாவை அல்ல, அந்த நிறுவனத்தைத்தான்!

‘அலட்சியம்’ என்று சட்டம் சொல்வது வேண்டுமென்றே செய்த குற்றத்தை அல்ல. எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல் விட்டு, அதனால் இன்னொருவருக்குக் கேடு வந்தால் அதுவே அலட்சியம். தேய்ந்த டயரோடு மலையிறங்குவதும், பத்துப் பேர் வண்டியில் இருபது பேரை ஏற்றுவதும் விதியல்ல. இழப்பீடு கேட்பது பேராசையும் அல்ல, நன்றிகெட்ட செயலும் அல்ல. இதுவே என் துணிந்த கருத்து.

வாசகர்கள் சில செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

விபத்து கேரள எல்லைக்குள் நடந்தாலும், தேனி மாவட்டத்தில் குடியிருப்பவர் தம் சொந்த மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். தொடுபுழாவுக்கு அலைய வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற கெடு நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றிருக்கின்றன என்றாலும், அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். யார்மீது தவறு என்று நிரூபிக்காமலே, உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெறவும் சட்டத்தில் வழி உண்டு. தவறை நிரூபித்தால், வயது, வருமானம், உடல் ஊனம் ஆகியவற்றைக் கணக்கிட்டு அதற்கு மேலும் கிடைக்கக்கூடும். வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டென்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்து என்றால் தொழிலாளர் இழப்பீடு கோரும் வழியும் திறந்திருக்கலாம். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட பயணமும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் அதில் அடங்கும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இரண்டு வழியில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

கசப்பான செய்தியும் உண்டு. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றிய வண்டியில், பாலிசியில் கண்ட எண்ணிக்கை அளவுக்கே நிறுவனத்தின் பொறுப்பு என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தத் தொகையை அடிபட்ட அனைவரும் பங்கிட்டுக்கொண்டு, மீதியை வண்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பதும் தீர்ந்துபோன சட்டம். “இன்னும் ரெண்டு பேரு உக்காரலாம்” என்று நகர்ந்து கொடுக்கும்போது நாம் உயிரை மட்டுமல்ல, பிள்ளைகளுக்கு வரவேண்டிய பணத்தையும் பங்கு போட்டுக் கொடுக்கிறோம்.

இந்த மலைப்பாதைகள் எப்படிப்பட்டவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 டிசம்பரில், சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் 8 பேர், குமுளி மலைப்பாதையில் கார் பள்ளத்தில் விழுந்து இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

சித்ரா பௌர்ணமி தோறும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறுகிறோமே, அந்தக் கண்ணகி பாண்டியன் அவையில் அழுது மட்டுமா நின்றாள்? மறு சிலம்பைக் கையோடு கொண்டுபோனாள். அதை உடைத்து, உள்ளே இருந்த மாணிக்கத்தைக் காட்டித்தான் வென்றாள். நமக்கும் சான்று வேண்டும். மருத்துவமனையில் உள்ளதை உள்ளபடி சொல்லி எழுதச் செய்யுங்கள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வண்டி எண், சம்பளச் சீட்டு, மருந்துக் கடை ரசீது எதையும் எறியாதீர்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். பாதிப் பணம் தந்தால் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகர்களை நம்பாதீர்கள். கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு பேச வழக்கறிஞருக்கே விதி இடம் தரவில்லை. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடுகிறோம், நல்லதுதான். அதோடு, மெட்டு ஏறிவரும் ஜீப்புகளின் காப்பீட்டுத் தேதியையும் ஆள் கணக்கையும் கேட்டு எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். கேட்டால் ஓட்டுநர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும், அது அவர்களையும் காக்கும்.

நான் சொன்ன ஒரு பொய்யால் சித்தி இழந்ததை இனி மீட்க முடியாது. அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன்.