பழைய லாரி வாங்கப் போறீங்களா? வண்டியை அப்புறம் பாருங்க, முதல்ல லோடைப் பாருங்க



போன வருஷம் மே மாசம் சேர்வராயன் கோயில் மேட்டுல நம்ம சேனலுக்கு ஒரு வீடியோ எடுத்துட்டு இருந்தோம். 5,326 அடி உயரம், காத்து அடிச்ச அடியில மைக்ல ஒண்ணுமே பதிவாகல. சரி, டீ குடிச்சுட்டு இறங்கலாம்னு நின்னப்போ ஒரு தம்பி வந்து பேசினார். ஏற்காட்டுக்காரர், வயசு 29. ஒன்பது வருஷமா அடுத்தவங்க லாரி ஓட்டுறார். "அண்ணா, 2012 மாடல் லேலண்ட் ஆறு சக்கரம் ஒண்ணு சங்ககிரில இருக்கு. ஏழு லட்சம் சொல்றாங்க. கையில மூணு இருக்கு, நாலு ஃபைனான்ஸ் தர்றேங்கறாங்க. வாங்கலாமா?"

அந்த மூணு லட்சத்துல பாதி வீட்டுக்காரம்மாவோட நகையை அடகு வச்சு வந்த காசுன்னு பேச்சுவாக்குல சொன்னார். அதனால வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு வர மனசு வரல. அன்னிக்கு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பழைய லாரி வாங்குறது முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடுன்னு நம்ம சுத்துவட்டாரத்துல இன்னிக்குப் பத்து வண்டி வச்சிருக்கிறவங்க பலரோட முதல் வண்டி பழசுதான். ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் 1979-ல் ஆரம்பிச்சு வளர்ந்ததே, பேங்க் வாசல்ல ஏற முடியாத டிரைவர்களுக்குப் பழைய லாரி வாங்கக் கடன் கொடுத்துத்தான். போதாக்குறைக்கு, பழைய இன்ஜினை எந்தப் பட்டறையிலயும் பிரிச்சு மாட்டலாம். பி.எஸ்.6 வண்டியில ஒரு சென்சார் போனா லேப்டாப்போட ஆள் வர்ற வரைக்கும் ரோட்டோரமா நிக்கணும். எனக்கும் பழைய வண்டி பிடிக்கும்.

ஆனா வண்டியோட வயசு, நீங்க எந்த லோடு ஏத்தலாம்ங்கறதையும் முடிவு பண்ணுது. இதைத் தம்பி யோசிக்கவே இல்ல. தோட்டத்துல வெட்டுற சில்வர் ஓக் மரத்தைக் கேரளாவுக்கு, பெரும்பாவூர் பக்கம் இருக்கிற பிளைவுட் கம்பெனிகளுக்கு ஏத்தலாம்ங்கறதுதான் அவரோட கனவு. மத்திய மோட்டார் வாகன விதிப்படி, ரெண்டு ஆக்சில் லாரிக்கு 12 வயசு தாண்டிட்டா நேஷனல் பர்மிட் கிடையாது. மல்டி ஆக்சில் வண்டிக்கு 15. 2012 மாடல் எப்பவோ அந்தக் கோட்டைத் தாண்டிருச்சு. ஒவ்வொரு தடவையும் தற்காலிக பர்மிட் போட்டுப் போகலாம், ஆனா அதுக்கு ஆகுற செலவும் அலைச்சலும் வாடகையைத் தின்னுடும். புரோக்கர் இதைச் சொன்னாரான்னு கேட்டேன். "ஓடும்னுதாண்ணா சொன்னாரு." வண்டி ஓடும், அதுல பொய் இல்ல. எங்க ஓடும்ங்கறதுதான் விஷயம்.

அப்போ மிச்சம் இருக்கிறது உள்ளூர் லோடு. மேல ஏத்துறதுக்கு சிமென்ட், எம்-சாண்ட், கம்பி, செங்கல். ஏற்காட்டுல கட்டட வேலை நடக்குது, அதனால ஏத்துற லோடு கிடைக்கும். இறக்குறப்போ காபி, மிளகு, மரம் எல்லாம் சீசனுக்குத்தான். பாதி நாள் காலியாத்தான் இறங்கணும். ஒரு காலத்துல சேர்வராயன் மலையில இருந்து மேட்டூர் மால்கோ ஆலைக்கு பாக்சைட் இறங்கிட்டு இருந்துச்சு. 2008-ல் ஆலையில அலுமினிய உற்பத்தி நின்னது, அதோட அந்த லோடும் நின்னுச்சு. ஒரே பார்ட்டியை நம்பி வண்டி வாங்குறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

இப்போ கடன் கணக்கு. ஃபைனான்ஸ்காரர் "வெறும் 9 பர்சென்ட்தான்"னு சொல்லியிருக்கார். அது ஃப்ளாட் வட்டி. நாலு லட்சத்துக்கு வருஷம் 36,000, மூணு வருஷத்துக்கு 1,08,000. ஆக மொத்தம் 5,08,000-ஐ 36 மாசத்துக்குப் பிரிச்சா தவணை 14,111 ரூபா. மாசாமாசம் அசல் குறைஞ்சுட்டே வருது, ஆனா வட்டியை மட்டும் கடைசி வரைக்கும் முழு நாலு லட்சத்துக்கும் போடறாங்க. பேங்க் போடுற மாதிரி குறையுற அசலுக்குக் கணக்குப் போட்டா இது 16 பர்சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல வருது. பழைய வண்டிக்கு 16 அநியாயம்னு சொல்ல மாட்டேன், அவங்களுக்கும் ரிஸ்க் இருக்கு. ஆனா 9-ன்னு நினைச்சுக் கையெழுத்துப் போடாதீங்க.

அடுத்து இன்சூரன்ஸ். மொத்த எடை 12 டன்னுக்கு மேல 20 டன் வரைக்கும் உள்ள சரக்கு வண்டிக்கு, 2022-ல் நிர்ணயிச்ச தேர்ட் பார்ட்டி பிரீமியமே 35,313 ரூபா, ஜிஎஸ்டி தனி. வண்டி உங்களுக்கு ஏழு லட்சமோ நாலு லட்சமோ, இது மாறாது. மாசத்துக்கு 3,000 சொச்சம் எடுத்து வைக்கணும். எட்டு வயசு தாண்டின வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம் காட்டணும். வயசு ஏற ஏற அந்தக் கட்டணமும் ஏறுற மாதிரி விதியை மாத்திட்டே வர்றாங்க, அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நேர்ல கேட்டுடுங்க. எஃப்.சி.ன்னா வெறும் கட்டணம் இல்ல, டிங்கரிங், பெயிண்டிங், பிரேக் வேலைன்னு வண்டி ஒரு வாரம் பட்டறையில நிக்கும். காலாண்டு வரியையும் சேர்த்து இதுக்கெல்லாம் மாசம் 5,000 வச்சோம்.

டயரும் ரிப்பேரும் தனி. ஒரு புது லாரி டயர் இருபதாயிரத்தைத் தாண்டும், ஆறு டயர். சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. லோடோட ஏறுறப்போ கிளட்ச் தேயும், இறங்குறப்போ பிரேக் லைனிங் தேயும். சமவெளியில ஓட்டுறவங்க சொல்ற மெயின்டனன்ஸ் கணக்கு மலைக்குச் செல்லாது. தம்பியே யோசிச்சு மாசம் 15,000-ன்னு சொன்னார். அவர் அனுபவம் அது, நான் மாத்தல.

கூட்டினா மாசம் கிட்டத்தட்ட 37,200. இதுல அவரோட சம்பளமே வரல. இப்போ அவர் டிரைவரா வாங்குறது 22,000. சொந்த வண்டி வாங்கிட்டு அதைவிடக் கம்மியா வீட்டுக்குக் கொண்டு போனா எதுக்கு வாங்கணும்? ஆக 59,200. டீசல், கிளீனர், ஏத்துகூலி எல்லாம் போக ஒரு மலை டிரிப்புக்கு 3,500 நிக்கும்னார். அப்படின்னா மாசம் 17 டிரிப் அடிக்கணும். ரெண்டு கடைக்காரங்க வாய்வார்த்தையா சொன்னது 14, 15. மழை மாசத்துல?

கொஞ்ச நேரம் பேசல. "எட்டு போனா பெருசுண்ணா."

எட்டுன்னா 28,000. தவணையும் செலவும் போக 9,200 கையை விட்டுப் போகுது, வீட்டுக்கு ஒரு பைசா இல்ல. 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண்சரிஞ்சு போக்குவரத்தே நின்னதை இங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. ரோடு மூடினாலும் தவணைத் தேதி வரத்தான் செய்யும்.

"ஓவர்லோடு ஏத்தி ஈடுகட்டலாம்ல?" இதை அவர் கேட்கல, வீடியோ கமென்ட்ல பத்துப் பேராவது கேட்டிருந்தீங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 20,000, அதுக்கு மேல ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. 2018-ல் ரெண்டு ஆக்சில் லாரியோட எடை வரம்பை 16.2 டன்ல இருந்து 18.5 ஆக்கினாங்க. ஆனா பழைய வண்டியோட ஆர்.சி.யில பழைய எடைதான் இருக்கும், அதைப் பார்த்துத்தான் பேசணும். பணத்தை விடுங்க, அந்த இறக்கத்துல பழைய பிரேக்கை நம்பி மூணு டன் கூட ஏத்திட்டு வர்றவரு பின்னாடி என் குடும்பமும் கார்ல வரும்.

ஆக, என் கருத்து இதுதான்: கையில இருக்கிற மொத்தக் காசையும் வண்டிக்குள்ள போடறவர் பழைய லாரி வாங்கக் கூடாது. வாங்கின மறுநாள் குறைஞ்சது ஒன்றரை லட்சம் தொடாம பேங்க்ல இருக்கணும். ஒரு இன்ஜின் வேலை, ஒரு மழை மாசம், ரெண்டையும் தாங்குற காசு அது. புது வண்டிக்காரருக்கு வாரண்டி இருக்கு. பழைய வண்டிக்காரருக்கு அந்த டெபாசிட்தான் வாரண்டி.

அந்தக் காசு இருக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். வண்டி பார்க்க விடிகாலையில சொல்லாம போங்க, ஓனர் ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைக்கிறதுக்கு முன்னாடி. ஓடுற இன்ஜின்ல ஆயில் மூடியைத் திறந்தா புகை குபுகுபுன்னு அடிச்சா திரும்பி வந்துடுங்க. உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க, விக்கிறவரோட மெக்கானிக் வேண்டாம். பரிவாஹன் தளத்துல நம்பரைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ், பழைய சலான், ஃபைனான்ஸ் பேர் எல்லாம் பாருங்க. ஃபைனான்ஸ் முடிஞ்சதுக்கு ஃபார்ம் 35 இல்லாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. "பேர் மாத்தறது அப்புறம் பாத்துக்கலாம்"ங்கற பேச்சுக்கு இடமே கொடுக்காதீங்க.

வருமான வரிக்குப் பயப்படுறவங்களுக்கு: பத்து வண்டிக்கு மேல இல்லாதவங்களுக்கு, ஆடிட்டர்கள் 44ஏஇ-ன்னு சொல்ற முறை ஒண்ணு இருக்கு. 12 டன்னுக்கு மேல உள்ள வண்டின்னா டன்னுக்கு மாசம் 1,000 ரூபா வருமானம்னு கணக்கு. 16.2 டன் வண்டிக்கு வருஷம் 1,94,400. வேற வருமானம் இல்லேன்னா வரி வராது. ஆனாலும் ரிட்டர்ன் போடுங்க, அடுத்த வண்டிக்கு பேங்க்ல முதல்ல கேட்கிறது அதைத்தான்.

தம்பிகிட்ட, "இப்போ வேண்டாம், உங்க ஓனர் வண்டியையே டிரிப்புக்கு இவ்வளவுன்னு பேசி ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்க"ன்னு சொன்னேன். முகம் வாடிப் போச்சு. ஒரு வாரம் போன் எடுக்கல. அப்புறம் அவரே கூப்பிட்டார், ஓனர் ஒத்துக்கிட்டாராம். நகையைத் திருப்பிட்டார், மிச்சக் காசு பேங்க்ல இருக்கு. சங்ககிரி வண்டியை வேற யாரோ வாங்கிட்டாங்க.

டிசம்பர்ல ஒரு நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினார். ஆகஸ்ட் 15 டிரிப், செப்டம்பர் 12, அக்டோபர் 7, நவம்பர் 6. கீழ பென்சில்ல ஒரு வரி: "தை மாசத்துக்கு அப்புறம் 2017 மாடல் பாக்கலாமாண்ணா?"

பாக்கலாம்னு பதில் போட்டிருக்கேன். விடிகாலை ஆறு மணிக்குப் போறோம்.