சிறு எஞ்சினிடம் கூடுதல் வலிமை கேட்போருக்கு

சென்ற திங்கள் இப்பகுதியில் தையல் இயந்திரத்தின் நூல் இறுக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்துவிட்டுப் புனே நகரிலிருந்து அம்மையார் ஒருவர் கடிதம் விடுத்திருக்கிறார். காலஞ்சென்ற தம் கணவர் 1991-ஆம் ஆண்டில் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் இன்றும் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறதாம். மகன் அதற்கு முரட்டுப் பல் வைத்த டயர்களைப் பூட்டி, ஞாயிறுதோறும் நண்பர்களுடன் மலைப்புறத்து மண் பாதைகளில் ஓட்டி வருகிறார். ஏற்றத்தில் வண்டி மூச்சுத் திணறுகிறது என்பது அவர் குறை. மெக்கானிக் ஒருவர் சிலிண்டரின் வாசல்களை அராவிப் பெரிதாக்கி வேறு சைலன்ஸரும் பூட்டினால் 18 குதிரைத் திறன் வரும் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிள்ளையின் இரண்டு மாதச் சம்பளம் ஆகுமாம். "அவர் அப்பா வைத்துவிட்டுப் போன வண்டி, செய்யலாமா, கூடாதா என்று எழுதுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

சிலிண்டரில் அரம் வைக்க வேண்டா என்பதே என் விடை. ஆனால் காரணம் கூறாமல் வேண்டா என்றால் இருபது வயதைத் தாண்டிய பிள்ளை எவனும் கேட்கமாட்டான். ஆதலின் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தாயும் மகனும் சேர்ந்து படிப்பாராக.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகள் கிடையா. சிலிண்டரின் சுவரில் வெட்டியுள்ள வாசல்களைப் பிஸ்டனே மேலும் கீழும் சென்று திறக்கிறது, மூடுகிறது. பெட்ரோலும் காற்றும் எண்ணெயும் கலந்த புகை முதலில் அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் புகுந்து, பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டுப் பக்க வாசல்கள் வழியே மேலே ஏறுகிறது. அதே நேரத்தில் எரிந்த புகை எதிர் வாசல் வழியே வெளியேறுகிறது. இரண்டு வாசலும் ஒருங்கே திறந்து கிடக்கும் அக்கணத்தில் புதுக் கலவையிலும் ஒரு பங்கு வெளியே ஓடிவிடுகிறது. இதுவே இவ்வகை எஞ்சினின் பிறவிக் குறை. இதனை எவ்வளவு அடக்குகிறோமோ அவ்வளவு வலிமை கிட்டும்.

ஆர்.எக்ஸ். 100-இன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டனின் வீச்சும் 50 மில்லிமீட்டர். கொள்ளளவு 98 சி.சி. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத் திறன் என்பது செய்தவர்கள் கொடுத்த கணக்கு. குதிரைத் திறன் என்பது இழுவையையும் சுற்றின் வேகத்தையும் பெருக்கி வரும் தொகைதான். இழுவை கூடாமல் 18 குதிரை வேண்டுமென்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். சாலைக்கென்று செய்த அந்தக் கிராங்கும் பேரிங்கும் அதற்காகப் பிறந்தவை அல்ல. அவ்வளவு வேகத்தில் சுழன்றாலும், பாறையும் சேறும் நிறைந்த ஏற்றத்தில் அந்த 12,000 சுற்றை எவர் பிடித்து வைத்திருப்பது? மண் பாதையில் வேண்டுவது 3,000 சுற்றிலும் 4,000 சுற்றிலும் அடங்கி இழுக்கும் தன்மை.

இரயில்வே எழுத்தனாகிய எனக்கு இவ்விடத்தில் எங்கள் எஞ்சின்களே நினைவுக்கு வருகின்றன. பயணி வண்டி இழுக்கும் வாப்-7 மின்சார எஞ்சினும், சரக்கு வண்டி இழுக்கும் வாக்-9 எஞ்சினும் ஒரே குடும்பம். மின்சார உறுப்புகள் ஏறக்குறைய ஒன்றே. பல் விகிதம்தான் வேறு. சரக்கு எஞ்சினில் 77-க்கு 15. பயணி எஞ்சினில் 72-க்கு 20. அதனால் ஒன்று மணிக்கு 140 கிலோமீட்டர் ஓடுகிறது. மற்றொன்று 100 கிலோமீட்டரோடு நின்று, ஆயிரக்கணக்கான டன்னை அசைத்து இழுக்கிறது. எஞ்சினை அராவி எவரும் இதைச் சாதிக்கவில்லை.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே வழி உண்டு. செயினின் முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல் இருக்குமானால், 13 பல் உள்ளதை மாற்றிப் போட்டால் பின் சக்கரத்தின் இழுவை நூற்றுக்கு 8 வீதம் அளவில் கூடும். உச்ச வேகம் நூற்றுக்கு 7 வீதம் குறையும். செலவு சில நூறு ரூபாய். பிடிக்கவில்லையானால் அரை மணியில் பழையதைத் திரும்பப் பூட்டலாம். ஏற்றத்தில் திணறும் வண்டிக்கு முதல் மருந்து இதுவே. இரண்டு மாதச் சம்பளம் கேட்பவர் இதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று தம்பி அவரைக் கேட்கலாம்.

ஸ்ப்ராக்கெட்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. முப்பது ஆண்டு ஓடிய எஞ்சினிடம் கூடுதல் வலிமை கேட்குமுன், அது பிறக்கும்போது வைத்திருந்த 11 குதிரையில் இப்போது எத்தனை மிச்சம் என்று பார்க்க வேண்டும். எண்ணெய் சேர்ந்து எரிவதால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கரி படியும். வெளியேறும் வாசலின் விளிம்பிலும், சைலன்ஸரின் உள்குழாயிலும் படியும் கரி, ஆண்டுக்கணக்கில் தொண்டையை நெரித்துக்கொண்டே வரும். தினமும் ஓட்டுகிறவருக்கு இது தெரிவதில்லை. சைலன்ஸரைக் கழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி வாசலை முழுதும் திறந்து, மழுங்கிய மரச் சீவலால் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். இரும்புக் கருவி ஆகாது. சுவரில் கீறல் விழும். சைலன்ஸரின் பின்புறத்து உள்குழாயையும் உருவிச் சுத்தம் செய்து திரும்பப் போட வேண்டும். சிலர் அக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். சத்தம் கூடும், வலிமை கூடாது. அண்டை வீட்டுக் குழந்தை விழித்து அழுவது மட்டும் உறுதி.

அடுத்து, கிராங்கின் இரு பக்கத்து ரப்பர் சீல்கள். மாக்னெட்டுப் பக்கத்துச் சீல் இறுகி வெடித்திருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து, கலவை இளைத்துப் போகும். கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெண்புகை கக்கும். கார்பரேட்டருக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகட்டு வால்வின் நாக்குகள் விளிம்பில் உடைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். பிஸ்டன் வளையம், காற்று வடிகட்டி, செயினின் தளர்ச்சி, சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்பன பற்றி அதிகம் எழுத வேண்டுவதில்லை, எல்லாரும் அறிந்தவை. இவற்றைச் செவ்வனே செய்து முடித்த பழைய வண்டிகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் வலிமை கூட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டதை நான் கண்டிருக்கிறேன்.

மலைப் பாதை ஓட்டுவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் எந்தச் சாதாரண பெட்ரோல் எஞ்சினும் பத்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கும். காற்று அடர்த்தி குறைவதே காரணம். மகாபலேஷ்வரம் ஏறத்தாழ 1,350 மீட்டர். அங்கே வண்டி சோர்வது நோய் அன்று.

நிற்க. சைலன்ஸர் மாற்றினால் வலிமை கூடும் என்பது பொய்யா என்று தம்பி கேட்பார். பொய் அன்று, அதன் வரலாறு சுவையானது. கிழக்கு ஜெர்மனியின் த்ஸோப்பாவ் ஊரிலிருந்த எம்.இஸட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்னும் பொறியாளர், வெளியேறும் புகையின் அழுத்த அலையைக் கூம்பு வடிவக் குழாயில் மோதித் திருப்பி, தப்பியோடும் புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும் வித்தையைப் பந்தய வண்டிகளில் செம்மைப்படுத்தினார். 1961-இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத் திறன் தந்தது. லிட்டருக்கு 200 குதிரை என்பது அந்நாளில் கேட்டிராத கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்வீடன் பந்தயத்துக்குச் சென்ற அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று, ஜப்பானின் சுஸுகி நிறுவனத்தில் சேர்ந்தார். வித்தையும் அவரோடு சென்றது. 1962-இல் 50 சி.சி. உலகப் பட்டம் டெக்னரும் சுஸுகியும் பெற்றதாயிற்று.

ஆனால் அவ்வலை காலத்தோடு வர வேண்டும். கணக்கைப் பார்ப்போம். 7,500 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் 8 பங்கு நொடி. வெளி வாசல் 170 பாகை திறந்திருந்தால், கிடைக்கும் காலம் ஆயிரத்தில் 3.8 பங்கு நொடி. சூடான புகையில் அலை நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். ஆகவே போய்த் திரும்பும் தூரம் 1.9 மீட்டர், வாசலிலிருந்து பின் கூம்பின் நடு வரை ஏறக்குறைய 95 செண்டிமீட்டர். 9,500 சுற்றுக்கென்று கட்டினால் அது 75 செண்டிமீட்டராகச் சுருங்கும். அக்குறுகிய குழாயைப் பூட்டிக்கொண்டு 4,000 சுற்றில் ஏறினால் அலை வேளை தவறி வந்து, உதவாததோடு கெடுதலும் செய்யும். பந்தயக் குழாய் பூட்டிய வண்டிகள் கீழ்ச் சுற்றில் இருமுவதும், திடீரென்று துள்ளிப் பாய்வதும் இதனாலேயே. சறுக்குப் பாறையில் திடீரென்று பாயும் வண்டி யாருக்கு வேண்டும்?

அராவுவதும் அப்படியே. வெளி வாசலின் மேல் விளிம்பை 1 மில்லிமீட்டர் உயர்த்தினால் இவ்வெஞ்சினில் திறப்புக் காலம் ஏறக்குறைய 5 பாகை கூடும். அதே சமயம் அடைத்து அழுத்தப்படும் கலவையில் 2 கன செண்டிமீட்டர் குறையும். மேல் சுற்றில் வரவு, கீழ்ச் சுற்றில் செலவு. அரம் எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது. யமஹா நிறுவனமே 1968-இல் 246 சி.சி. டி.டி.-1 என்ற மண் பாதை வண்டியை வெளியிட்டபோது, பந்தயம் விரும்புவோருக்கென்று சிலிண்டர், ஹெட், பிஸ்டன், கார்பரேட்டர், குழாய் அனைத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்த ஒரே தொகுதியாகத் தனியே விற்றது. ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை என்று செய்தவர்களே அறிந்திருந்தனர். தம்பிக்கு ஆராய்ச்சி மனம் இருந்தால், பழைய சிலிண்டர் ஒன்றைத் தனியே வாங்கி அதில் செய்து பார்க்கட்டும். அப்பாவின் சிலிண்டர் துணியில் சுற்றிப் பரணில் இருக்கட்டும்.

ஹெட்டைக் கடைசலில் அரை மில்லிமீட்டர் சீவி அழுத்தம் கூட்டுவது கீழ்ச் சுற்றிலும் பயன் தரும் ஒரே மாற்றம் என்பேன். எனினும் அளவு மீறக் கூடாது. எரியறை பத்துக் கன செண்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னானது. அரை மில்லிமீட்டர் சீவினாலே அதில் ஒன்று போய்விடும். ஸ்பார்க் பிளக் துளை வழியே மெல்லிய ஈயக் கம்பியைச் சுவர் ஓரம் வரை நுழைத்துக் கிக்கரை மெல்ல மிதித்தால், பிஸ்டன் அக்கம்பியை நசுக்கும். நசுங்கிய நுனியின் கனமே மிச்ச இடைவெளி. அது முக்கால் மில்லிமீட்டருக்குக் கீழே போகலாகாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, செய்தவர் குறித்த அளவுகளினின்று மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. 2019-இல் செய்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 135 சி.சி. சிலிண்டரை 100-இன் மேல் ஏற்றிக்கொள்வோர் இதனை நினைவில் வைப்பது நலம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இளைத்த கலவை. காற்றோட்டம் கூடும் எந்த மாற்றத்துக்கும் கார்பரேட்டரின் ஜெட்டும் பெரிதாக வேண்டும். இல்லையேல் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடும் வண்டியின் பின் சக்கரம் அக்கணமே நின்றுபோகும். இப்போது பெரும்பாலான பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதுவும் கலவையை இளைக்கச் செய்வதே. ஆகவே பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு, ஒன்றும் மாற்றாதிருந்தாலும், ஜெட்டை ஒரு முறை சரிபார்ப்பது அவசியம். மலை இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுதும் மூடிக்கொண்டு கியரில் நெடுந்தூரம் வருவது மற்றொரு கேடு: எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது, எண்ணெயோ சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. இடையிடையே சற்று முறுக்கிவிட வேண்டும். இடக்கை இரண்டு விரல் எந்நேரமும் கிளட்ச்சின் மேல் இருக்க வேண்டும்.

ஜெட் சரியா என்று அறியப் பழைய வழி ஒன்று போதும். புது ஸ்பார்க் பிளக்கைப் போட்டு, நீண்ட ஏற்றம் ஒன்றில் முழு முறுக்கில் ஏறி, மேலே சென்றதும் கிளட்ச்சைப் பிடித்து அங்கேயே எஞ்சினை அணைத்து, ஆறவிட்டுக் கழற்றிப் பார்க்கவும். பீங்கான் காப்பிப் பொடி நிறமாயிருந்தால் சரி. ஈரக் கரியாயிருந்தால் பெட்ரோல் மிகை. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால், மேற்கொண்டு ஓட்டாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கி வந்து, பெரிய ஜெட் வாங்கிப் போட்ட பிறகே எடுக்க வேண்டும்.