எல்லாமே பெல்ஜியம் அல்ல

மும்பை சோர் பஜாரிலோ காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலோ ஒரு சின்னக் கண்ணாடிப் பூஜாடியைக் கையில் எடுத்தால் போதும், கடைக்காரர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை 'பெல்ஜியம்'. செட்டிநாட்டு வீடுகளின் ஆளுயர நிலைக்கண்ணாடிகள் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. இப்போது அரையடி ஜாடிக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கூடவே விலையும் ஏறுகிறது. அந்த ஜாடி ஆக்ராவிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியிருக்கும் ஃபிரோசாபாத்தில் பிறந்ததாகவும் இருக்கலாம் என்பது வாங்குபவருக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்பவருக்கும் தெரியாது.

ஊரைக் கண்டுபிடிக்குமுன் ஜாடி எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். இதற்குக் கண்ணைவிட விரல் உதவும். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு மேலிருந்து ஒரு தண்டால் அழுத்துவது ஒரு முறை. 1820களில் அமெரிக்காவில் பரவிய இந்த முறைதான் ஏழை வீட்டுக்கும் 'வெட்டுக் கண்ணாடி'யின் பகட்டைக் கொண்டுபோனது. இதில் பூ வேலையெல்லாம் வெளிப்புறத்தில்தான், உட்புறம் வழவழவென்று இருக்கும். அச்சுக்குள் ஊதிச் செய்த ஜாடியிலோ வெளியே மேடாக இருப்பது உள்ளே பள்ளமாகத் தட்டுப்படும். கழுத்து குறுகி வயிறு பருத்த ஜாடி என்றால் சந்தேகப்படலாம். உள்ளே இறங்கிய தண்டு வெளியே வர வழி வேண்டுமே! சூடு ஆறுமுன் வாயைக் குறுக்குவதும் உண்டு என்பதால் இதுவே முடிவான சாட்சி அல்ல. பக்கவாட்டில் ஓடும் இணைப்புக் கோடுகளும் அச்சில் செய்தது என்று மட்டுமே சொல்லும். எந்த ஊர் அச்சு என்று சொல்லாது.

அதைச் சொல்ல முத்திரை வேண்டும். பிரிட்டிஷ் கண்ணாடியில் அதற்குப் பஞ்சமில்லை. கேட்ஸ்ஹெட் நகரின் சவர்பி நிறுவனம் 1876 முதல் மயில் தலை முத்திரையைப் பதித்தது. 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களுக்கு வைர வடிவக் குறி. 1884-லிருந்து வெறும் பதிவு எண். குறியைப் படிக்கத் தெரிந்தால் பதிவு செய்த தேதியே கிடைத்துவிடும்.

ஆனால் பதிவு எண் வடிவத்துக்குத்தான், உலைக்கு அல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 702446 என்ற எண்ணைப் பார்த்ததும் இங்கிலாந்துச் சரக்கு என்று நினைக்கத் தோன்றும். லண்டனின் கிளேட்டன் மேயர்ஸ் என்ற வணிக நிறுவனம் 1923-ல் பதிவு செய்த 'ஜேகோபியன்' வடிவம் அது. செய்து கொடுத்தது செக்கோஸ்லோவாகியாவின் இன்வால்ட் தொழிற்சாலை. பிற்பாடு அதே வடிவத்தை கேட்ஸ்ஹெட்டின் டேவிட்சன் நிறுவனமும் செய்தது. போதாக்குறைக்கு, மூடப்பட்ட தொழிற்சாலைகளின் அச்சுகள் கைமாறிப் போவதும் இந்தத் தொழிலில் சகஜம். ஒரே ஜாடிக்கு இரண்டு பிறந்த ஊர்கள் இருக்க முடியும்.

நம் ஊர் ஜாடிகளின் கதை வேறு. எண்ணெய்ப் படலம்போல் வானவில் பளபளப்பு, பெரும்பாலும் சாமந்தி மஞ்சள் நிறம். சூடான கண்ணாடிமேல் உலோக உப்புகளைத் தெளித்தால் வரும் பளபளப்பு அது. அமெரிக்காவில் ஃபென்டன் நிறுவனம் 1907-ல் தொடங்கிவைத்த இந்தச் சரக்குக்கு 'கார்னிவல்' என்ற பெயர் வெகுகாலம் கழித்தே வந்தது. இதே உத்தியில் 1930களிலிருந்து ஃபிரோசாபாத்தின் ஜெயின் கிளாஸ் வொர்க்ஸ் டம்ளர்களும் ஜாடிகளும் செய்தது. தும்பிக்கையோடு யானைத் தலை, ஜாடியைச் சுற்றி வளைந்த மீன், குவளையை ஏந்திய கை என்று கற்பனைக்குக் குறைவில்லை. பலவற்றில் 'ஜெயின்' என்று ஆங்கிலத்தில் அச்சிலேயே எழுத்து உண்டு. இவற்றையும் அழுத்தி வார்த்தவை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். விரலை விட்டுப் பார்த்தால் பல ஜாடிகள் மெல்லியவை, அச்சுக்குள் ஊதியவை என்று தெரிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஜாடிகளைத் தேடி வகைப்படுத்தியவர்களில் முக்கியமானவர்கள் பிரிட்டனின் கிளென், ஸ்டீஃபன் திசில்வுட் தம்பதி. ஜெயின் என்ற பெயரைப் பார்த்ததும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் விலை கேட்கிறார். இங்கே அதே ஜாடியை வெளிநாட்டுச் சரக்கு என்று சொன்னால்தான் விற்கிறது. பைசா பைசாவாக வசூலித்து 1908-ல் தளேகாவில் சுதேசிக் கண்ணாடித் தொழிற்சாலை எழுப்பிய நாடு இது.

எழுத்தில்லாத ஜாடி என்றால் பழைய விலைப்பட்டியல்தான் கதி. ஐரோப்பியத் தொழிற்சாலைகள் பலவற்றின் பட்டியல்களை மறுபதிப்பிலேயே வாங்கலாம். ஜெயின் தொழிற்சாலை 1980களில் மூடப்பட்டது. 1996 டிசம்பரில் தாஜ்மகாலைக் காக்க உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பின் ஃபிரோசாபாத்தின் நிலக்கரி உலைகள் எரிவாயுவுக்கு மாறின. அந்த உலைகளில் வேலை பார்த்த கிழவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். எந்த அச்சு யாருடையது என்று அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைக்காவிட்டால், யானைத் தலை ஜாடிக்கும் பெல்ஜியம்தான் பிறந்த ஊர்.