இட்லிப் பானைக்கு எதிராக ஒரு முட்டைச் சாட்சி

காலையில் ஆறு முட்டை, கூடவே ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர். அவ்வளவுதானாம், ஆணின் வளர்சிதை மாற்றம் அடுப்பாய் எரியும், தொப்பை கரையும், இட்லிப் பானையைப் பரணில் ஏற்றிவிடலாம் என்று சென்ற இதழில் நண்பர் தீர்ப்பெழுதிவிட்டார்.

அடுப்பில் எவ்வளவு எரிகிறது என்று பார்ப்போம். புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10. இதுவரை நண்பர் சொன்னது சரி. ஆனால் 30 கிராம் புரதம் என்பது 120 கலோரி. செரிக்கப் போவது 24 முதல் 36. அதே 120 கலோரியை மாவுச்சத்தாகத் தின்றிருந்தாலும் 6 முதல் 12 போயிருக்கும். ஆக, லாபம் இருபது சொச்சம் கலோரி. அரை இட்லி! ஆறு முட்டையும் பவுடரும் சேர்ந்து இதைப்போல் இரு மடங்கானாலும், நண்பர் மூட்டிய பெருந்தீயில் வெந்தது ஒரே ஒரு இட்லிதான்.

சரி, காலையில் சாப்பிடுவதாலேயே அடுப்பு கூடுதலாக எரியுமா? இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களில் ஒரு சாரார் ஆறு வாரம் தினமும் காலை 11 மணிக்குள் குறைந்தது 700 கலோரி சாப்பிட்டார்கள். மறு சாரார் மதியம்வரை பட்டினி. ஓய்வுநிலையில் உடல் எரிக்கும் அளவு இரு சாராருக்கும் மாறவில்லை.

அடுத்து, நண்பருடைய பெரிய சாட்சி. 2010இல் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வு: 21 ஆண்கள், ஒரு நாள் முட்டை, மற்றொரு நாள் பேகல் என்னும் மைதா வளையம், கலோரி சமம். முட்டை தின்ற நாளில் பசி ஹார்மோனான கிரெலின் குறைந்தது. அடுத்த 24 மணி நேரத்தில் சாப்பாடும் குறைந்தது. உண்மைதான். நண்பர் விழுங்கிவிட்ட பகுதி இதோ: முட்டைத் தட்டின் கலோரியில் புரதம் 23 சதவீதம், பேகலில் 16. கொழுப்போ 55க்கு 12! ஏழு சதவீத வித்தியாசத்துக்கு மாலை போட்டவர், நாற்பத்து மூன்றைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தத் தட்டில் இட்லியும் இல்லை, சாம்பாரும் இல்லை. வராத ஆளுக்குத் தண்டனை விதிப்பது என்ன நியாயம்?

புரதம் பசியை அடக்கும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. 65 கிலோ ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.); நாலு இட்லியில் கிடைப்பது சுமார் எட்டு கிராம். பதினொரு மணிக்கு வடை தேடி அலையும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஆனால் ‘பருப்பால் ஆம்பிளைப் பசி அடங்காது’ என்று ஒரு வரி எழுதினாரே, அதுதான் உச்சம். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரின் ரோவெட் நிலையம் பருமனான 20 ஆண்களுக்கு இரண்டு வாரம் சோயா, இரண்டு வாரம் இறைச்சி என்று சம அளவு புரதம் கொடுத்துப் பார்த்தது. பசி அடங்கியதிலும் எடை குறைந்ததிலும் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இந்த ஆய்வு வெளிவந்தும் பத்தாண்டுக்கு மேலாகிறது.

முட்டை பிடித்தவர் இரண்டு சாப்பிடட்டும். பிடிக்காதவருக்கு ஐம்பது கிராம் பச்சைப்பயற்றில் ஏறக்குறைய அதே புரதம் இருக்கிறது. நண்பர் பேச்சைக் கேட்டுப் பானையைப் பரணில் ஏற்றியவர்கள் இறக்கிவிடுங்கள். உளுந்து ஊறப்போட நேரமாகிறது.