"அவன் மூளையே அப்படி": உண்மையா?

1/ முன்கோபம், யோசிக்காம பேசுறது, கையில காசு நிக்காம செலவு பண்றது. எல்லாத்துக்கும் ஒரு ஸ்கேன் படத்தைப் போட்டு, "மூளை அமைப்பே அப்படி, திருத்த முடியாது"ன்னு சொல்றாங்க. இதுல பாதிதான் உண்மை.

2/ நெற்றிக்குப் பின்னால இருக்கிற முன்மூளைதான் "பொறு, இப்ப வேணாம்"னு நம்மைத் தடுக்குற பிரேக். அது முழுசா முதிர்ச்சி அடைய 25 வயசு வாக்குல ஆகிடும். ஆசையையும் கோபத்தையும் தூண்டுற பகுதிகள் அதுக்கு முன்னாடியே வேகம் எடுத்துடும். 17 வயசுப் பையன் பைக்கை முறுக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

3/ 1848, அமெரிக்காவின் வெர்மான்ட். ரயில்பாதைக்குப் பாறை உடைக்கிற வேலையில மேஸ்திரி ஃபினியஸ் கேஜ். வெடிமருந்து வெடிச்சு, சுமார் 6 கிலோ இரும்புக் கம்பி இடது கன்னத்துல நுழைஞ்சு உச்சந்தலை வழியா வெளிய பறந்தது. பிழைச்சுட்டார். ஆனா பொறுப்பான அந்த மனுஷன், நிலையில்லாம, வாய்க்கு வந்தபடி திட்டுறவரா மாறிட்டார்னு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ எழுதி வச்சார்.

4/ பலர் கதையை இங்கேயே நிறுத்திடுவாங்க. அப்புறம் கேஜ் சிலி நாட்டுல பல வருஷம் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். நிதானம் இல்லாதவரால அது முடியுமா?

5/ ஸ்கேன்ல கட்டி, ரத்தக்கசிவு தெரியும். ஆரோக்கியமான ஒருத்தரோட குணம் தெரியாது. மூளை அமைப்புக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பு ரொம்பச் சின்னது, அதை நம்பகமா கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கானவங்க ஸ்கேன் வேணும்னு 2022-ல நேச்சர் இதழ் ஆய்வு சொல்லுது.

6/ எனக்குக் கவலை வேற. விபத்துல தலையில அடிபட்டவர் தையல் பிரிச்சு வீட்டுக்குப் போறார். சில மாசத்துல ஆளே மாறிடுறார். வீட்டுல "திமிரு"ன்னு சொல்றாங்க. காயம் ஆறிட்டா மூளை ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. அரசு மருத்துவமனை நரம்பியல் அல்லது மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. "அடிபட்ட பிறகுதான் இப்படி"ன்னு மறக்காம சொல்லுங்க. சிகிச்சை, பயிற்சி இருக்கு.

7/ அடிபடாத நமக்கு "என் மூளை அப்படி"ங்கிறது சாக்குதான். தூக்கம் கெட்டாலும், குடிச்சாலும் அதே பிரேக் லூசாகும். அது நம்ம கையில.

8/ ஹெல்மெட் போடுங்க, வாரையும் மாட்டுங்க. பின்னாடி உக்கார்றவங்களும்தான்.