சிற்பியின் நெஞ்சுப் படத்தைப் படிக்க ஓ.எம்.ஆர். ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமா?



மாமல்லபுரம் வர்றவங்க கடற்கரைக் கோயிலைப் பார்த்து வியக்கிறாங்க. உளிச் சத்தம் கேட்டா பட்டறை வாசலில் நின்னு போட்டோ எடுக்கிறாங்க. அங்கே பறக்கும் கல்தூசி யார் நெஞ்சுக்குள்ள போகுதுன்னு கேட்கிறவங்க எத்தனை பேர்?

கல்தூசியிலுள்ள சிலிகா நுரையீரலில் தங்கினால் வருவது சிலிகோசிஸ். அது வந்தவருக்குக் காசநோய் தொற்றும் ஆபத்தும் அதிகம். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒண்ணு போலவே தெரியலாம். அதைப் பிரிச்சுப் பார்க்கப் பழகிய கண் வேணும். அந்தக் கண் கூலிக்காரனுக்கு எப்போ கிடைக்கும் என்பதுதான் நம் கேள்வி.

"ஏ.ஐ. எல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்கிறார்கள் சிலர். "மெஷின் வந்தா டாக்டர் வேலை போயிடும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேருக்கும் பதில் இதோ.

🔴 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் அறிகுறி இருக்கிறதா என்று சலித்துப் பார்க்க, மனிதருக்குப் பதிலாக மென்பொருளைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனமே 2021-ல் பரிந்துரைத்துவிட்டது.

🔴 2019–21 தேசிய காசநோய்க் கணக்கெடுப்பு சொன்னது என்ன? எக்ஸ்ரே எடுக்காமல் "இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா"ன்னு மட்டும் கேட்டிருந்தால், கண்டுபிடித்த நோயாளிகளில் 100-க்கு 42 பேர் தப்பிப் போயிருப்பார்கள்!

🔴 ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் நடந்த மார்பகப் பரிசோதனை ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. ஏ.ஐ. துணையோடு படித்தபோது டாக்டர்களின் படம் பார்க்கும் சுமை 44% குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய் குறையவில்லை. வேலை போகலை, பாரம்தான் போச்சு.

கையில் தூக்கிப்போகும் எக்ஸ்ரே கருவி வந்தாச்சு. அதை மீனவக் குப்பத்துக்கும், இருளர் குடியிருப்புக்கும், செங்கல் சூளைக்கும் கொண்டுபோகலாம். படம் எடுத்த சில நிமிடத்தில் சந்தேகமான இடத்தை மென்பொருள் குறிச்சுக் காட்டும். அப்புறம் சளிப் பரிசோதனை, அப்புறம் டாக்டர். முடிவு எப்பவும் டாக்டருடையதுதான். சிலிகோசிஸைக் காசநோய்னு மெஷின் தப்பாகவும் சொல்லலாம். அதனால்தான் சளிப் பரிசோதனையும் டாக்டரும் கட்டாயம் வேணும் என்கிறோம்.

இன்னொன்றையும் மறக்காதீங்க. 1968-ல் தொடங்கிய உலகப் புகழ்பெற்ற பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு நடந்தது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நம் மக்கள் கையை நீட்டினார்கள், நெஞ்சைக் காட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற உண்மையை உலகம் கற்றது அவர்களிடமிருந்து. 2016-ல் சர்க்கரை நோயால் கெடும் விழித்திரையைக் கண்டறியும் கூகுள் மென்பொருள் உருவானபோதும், அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளின் படங்கள் அதற்குப் பாடமாயின.

பாடம் சொல்லிக்கொடுத்தது நாம. பலன் மட்டும் பில் கட்டுறவனுக்கா?

மெஷின் வாங்கி ரிப்பன் வெட்டினால் போதும்னு நினைக்கிறவர்கள் திருமணிக்குப் போய்ப் பாருங்க. செங்கல்பட்டில் பல நூறு கோடி செலவில், 100 ஏக்கரில் ஒன்றிய அரசு நிறுவனம் கட்டிய தடுப்பூசி வளாகம், 2021-ல் கொரோனா உச்சத்தில் ஒரு ஊசிகூடத் தயாரிக்காமல் நின்றது. கட்டிடம் மருந்து தராது தோழர்களே, ஆளும் நிதியும் அக்கறையும்தான் தரும்.

நம் கோரிக்கைகள்:

✊ மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செய்யூர், மதுராந்தகம் வட்டார அரசு மருத்துவமனைகளில் ஏ.ஐ. துணையுடன் இலவச எக்ஸ்ரே வாசிப்பு.
✊ சிற்பிகள், கல்குவாரி, சூளைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை. சிலிகோசிஸ் உறுதியானால் இழப்பீடு.
✊ நம் மக்களின் படங்களில் மென்பொருளைச் சோதித்து, எத்தனை சரி, எத்தனை தப்புன்னு வெளியிட வேண்டும்.
✊ நோயாளி சம்மதம் இல்லாமல் ஒரு படம்கூடத் தனியாருக்குப் போகக்கூடாது.
✊ மெஷினைக் காட்டி டாக்டர், டெக்னீஷியன் பணியிடங்களைக் குறைக்கக்கூடாது.

கல்லுக்குள் இருக்கிற சிலையைப் பார்க்கிறவன் சிற்பி. அவன் நெஞ்சுக்குள் இருக்கிற நோயைப் பார்க்க வேண்டியது அரசு!

படிச்சிட்டு லைக் போட்டு நகர்ந்திடாதீங்க. உங்க தெரு வாட்ஸ்அப் குழுவில் பகிருங்க. அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குங்க.

#நெஞ்சைப்பார்_அரசே
#செங்கல்பட்டு