நடைபாதைக்கும் கையேந்த வேண்டுமா?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் 32 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். வண்டி வாங்க வசதியற்ற உழைப்பாளி நடக்கிறார். அவருக்கு நடைபாதை இல்லை.

சாலையையும் தெருவிளக்கையும் நகராட்சிகளுக்குரிய பணிகளாக அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணை குறிப்பிடுகிறது. பணி வந்தது, பணம் வரவில்லை. பத்து லட்சத்திற்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த அடிப்படை மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அவையும் இன்றியமையாதவையே. ஆனால் நடைபாதை, விளக்கு, பள்ளி வாசலில் வேகத்தடை ஆகியவை எஞ்சிய 40 சதவீதத்திற்குள் பிற தேவைகளோடு போட்டியிட வேண்டியதாயிற்று. சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலங்கள் அறிவித்தால்தான் மானியம் என்ற நிபந்தனை வேறு. மக்களிடம் வரியை உயர்த்து, பிறகு கேள் என்பதே இதன் பொருள்.

நடைபாதையைப் பயன்படுத்துவது 21ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. உரிமைக்கு நிபந்தனை விதிக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஒன்றிய அரசிடம் நிபந்தனையற்ற நிதியைக் கோருவோம். அதுவரை காத்திராமல், கையிலுள்ள நிதி எங்கே செலவாகிறது என்று ஒவ்வொரு வார்டிலும் மக்களைத் திரட்டிக் கேட்போம்.